உயரம் நின்ற மகள், எடை ஏறிய மகன்: தைராய்டு மாத்திரை யாருக்கு?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மும்பைதான். மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லாம் ஒரே வீடு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இவருக்கு எடை ஏறி, எப்போதும் அசதியாகவே இருக்க, பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்து தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை போட்டுக்கொள்கிறார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது, ஏழாம் வகுப்பு. காய்ச்சலுக்காகக் காட்டப் போன இடத்தில் டாக்டர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) 68, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) 0.5, தைராய்டு ஆன்டிபாடி மிக அதிகம். 50 மைக்ரோகிராம் மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்தில் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது. வாயே திறக்காத பெண் எதிர்த்துப் பேசினாள். "மாத்திரைதான் பிள்ளையைக் கெடுக்குது, வயசுக்கு வராத பொண்ணுக்கு இதெல்லாம் கொடுத்தா நாளைக்கு யார் கட்டுவா" என்று மாமியார் சொல்ல, மாத்திரை நின்று ஒரு மாதம் ஆகிறது. அதற்குப் பதிலாகக் கொத்தமல்லி விதைத் தண்ணீர் கொடுக்கிறார்கள். பாக்கெட் உப்பில் இருக்கும் அயோடின்தான் காரணம் என்று யாரோ சொன்னதால் வீடு முழுக்க இந்துப்புக்கு மாறிவிட்டது.

மகனுக்குப் பத்து வயது. எடை 52 கிலோ, உயரம் 147 சென்டிமீட்டர். அக்காவுக்கு எடுத்தபோது அவனுக்கும் எடுத்தார்கள். டி.எஸ்.எச். 6.8, ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது. "குண்டா இருக்கிறவன் அவன்தான், தைராய்டும் அவனுக்குத்தான் இருக்கும், உன் மாத்திரையிலேயே பாதியை அவனுக்குக் கொடு" என்கிறார் கணவர்.

"மகள் குண்டாகவே இல்லை டாக்டர். எனக்கு வந்த மாதிரி எதுவுமே அவளுக்கு இல்லை. லேபில் இரண்டு பேர் ரிப்போர்ட்டும் மாறிப் போயிருக்குமா?" என்று கேட்கிறார். மகளின் பள்ளி ரிப்போர்ட் கார்டில் வருடா வருடம் எழுதிய உயரத்தையும் எடுத்து எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமான பதில். ரிப்போர்ட் மாறவில்லை. உங்கள் மகளுக்கு அந்த மாத்திரை வேண்டும். அவளைப் பார்த்த டாக்டருக்கு இன்றே ஒரு போன் போட்டு, நிறுத்திவிட்டோம் என்று தயங்காமல் சொல்லி, அதே அளவில் மறுபடியும் ஆரம்பியுங்கள். மகனுக்கு இப்போதைக்கு எந்த மாத்திரையும் வேண்டாம். உங்களுடையதில் பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். ஒரு மாத இடைவெளியால் பெரிய நஷ்டம் எதுவும் ஆகிவிடவில்லை, அதை நினைத்து மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். இனி விடாமல் கொடுப்பதுதான் முக்கியம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

பள்ளிக்கூடம் எழுதி வைத்த சாட்சி

நாலாம் வகுப்பில் 131 சென்டிமீட்டர், ஐந்தில் 135, ஆறில் 137, இப்போது 138. நீங்கள் எழுதிய இந்த நாலு எண்களையும் படித்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாலு வயதிலிருந்து பருவ வயது தொடங்கும்வரை ஆரோக்கியமான பிள்ளை வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். பருவ வளர்ச்சி தொடங்கிய பெண்பிள்ளை அதைவிட வேகமாக வளர்வாள். உங்கள் மகள் முதலில் நாலு வளர்ந்தாள், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. போன வருடத்துக்கு முந்தின வருடம் தைத்த யூனிஃபார்ம் பாவாடையின் மடிப்பை இன்னும் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஷூவும் அதே சைஸ்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, 'செலவு மிச்சம்' என்று சந்தோஷமாக! பிரேயர் லைனில் பின்னால் நின்றவள் இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டாள் என்பதும் அதே கதைதான்.

பெரியவர்களின் தைராய்டை வைத்துப் பிள்ளைகளின் தைராய்டைத் தேடினால் கண்ணில் படாது. உங்களுக்கு எடை ஏறியது, அசதி வந்தது, அதனால் மகளிடமும் அதையே எதிர்பார்த்தீர்கள். வளர்ந்து முடிந்த உடம்பில் ஹார்மோன் குறைந்தால் அப்படித்தான் தெரியும். வளர்கிற உடம்பில் முதலில் நிற்பது வளர்ச்சி. எடை பெரும்பாலும் கொஞ்சம்தான் கூடும், முகம் சற்று உப்பினாற்போல இருக்கும், அவ்வளவுதான். பல பிள்ளைகளுக்கு மற்ற எல்லா அறிகுறிகளுக்கும் முன்னால், ஒன்றிரண்டு வருடம் உயரம் மட்டுமே தனியாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மற்ற அறிகுறிகளும் உங்கள் கடிதத்தில் ஆங்காங்கே இருக்கின்றன, நீங்கள் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. எல்லாரும் வியர்த்து வழியும் மே மாதத்தில் அவளுக்கு மட்டும் ஃபேன் வேண்டாம். மூன்று நாளைக்கு ஒரு முறைதான் மலம் போகிறது. எவ்வளவு எண்ணெய் தடவினாலும் முழங்காலில் தோல் சொரசொரப்பு. பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிடுகிறாள். கழுத்தின் முன்புறம் லேசாகப் பருத்திருப்பதை மாமியார் 'அழகான சதைக் கழுத்து' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது வீங்கிய தைராய்டு சுரப்பி, அதாவது முன்கழுத்துக் கழலை.

"மார்க் நன்றாகத்தான் வாங்குகிறாள், டீச்சரெல்லாம் ரொம்ப அமைதியான பெண் என்று பாராட்டுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் நிறைய பெற்றோர் ஏமாறுகிறார்கள். தைராய்டு குறைந்தால் படிப்பு போய்விடும் என்ற பயம் பிறந்த குழந்தைக்குத்தான் பொருந்தும். மூன்று வயதுக்கு மேல் வரும் குறைவில் மூளைக்கு நிலையான பாதிப்பு வருவதில்லை. மந்தமாகி, ஓடியாடாமல், சொன்ன இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை, வகுப்பில் நல்ல பிள்ளையாகவே தெரியும். யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லமாட்டார்கள்.

அந்த 68 என்ன சொல்கிறது

தைராய்டு சுரப்பியை வேலை வாங்குவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் அம்மா குரலை உயர்த்திக்கொண்டே போவது போல, தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகும். 68 என்பது பெரிய கூச்சல். ஃப்ரீ டி4 0.5 என்றால் அத்தனை கூப்பிட்டும் சுரப்பியால் முடியவில்லை என்று அர்த்தம். ஆன்டிபாடி அதிகம் என்றால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. 1912ல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய் இது. உப்பில் அயோடின் கிடைக்கும் ஊர்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் தைராய்டு குறைவுக்கு இதுதான் முதல் காரணம். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. குடும்பங்களில் தொடர்ந்தும் வரும். உங்களுக்கும் இருக்கிறது என்பதால் "என்னால்தானே வந்தது" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததில்லை. தடுத்திருக்கவும் முடியாது.

மாத்திரை கெடுத்ததா?

மகள் முடி கொட்டியதையும் எதிர்த்துப் பேசியதையும் கவனித்தீர்கள், அதில் தப்பில்லை. அவற்றுக்கு நீங்கள் கண்ட காரணம்தான் சரியில்லை.

நெடுநாள் ஹார்மோன் இல்லாமல் தூங்கிக் கிடந்த முடிவேர்கள் ஹார்மோன் கிடைத்ததும் புதுச் சுற்றைத் தொடங்கும். பழைய முடி உதிர்ந்துதான் புது முடி வரும். சில மாதங்களில் தானே அடங்கிவிடும். குணம் மாறியதும் எதிர்பார்த்ததுதான். அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று துள்ளும், தூக்கம் குறையும், ஒரே இடத்தில் உட்காராது, ஒன்றிரண்டு பரீட்சையில் மார்க் கூடக் குறையலாம். பன்னிரண்டு வயதுப் பெண் அம்மாவிடம் எதிர்த்துப் பேசுவது தைராய்டு சரியாக இருக்கும் வீடுகளிலும் நடப்பதுதான். இவளுக்கு அந்த வயதின் சுபாவம் இத்தனை நாள் அமுங்கிக் கிடந்தது. டீச்சரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் 'நல்ல பெண் கெட்டுப்போய்விட்டாள்' என்று அங்கேயும் திட்டு விழும். பாவம், அவள் என்ன செய்வாள்.

உடனே டாக்டரிடம் போகவேண்டிய அறிகுறிகளும் உண்டு. மாத்திரை தொடங்கிய பிறகு விடாத தலைவலியோடு பார்வை மங்கினால் காத்திருக்கக்கூடாது. தைராய்டு குறைவு இருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதி சற்று நழுவும். அதனால் விந்தி விந்தி நடந்தாலோ, இடுப்பிலோ முழங்காலிலோ வலி என்றாலோ, 'ஓடி விழுந்திருப்பாள்' என்று விட்டுவிடாமல் அன்றைக்கே காட்டவேண்டும். கழுத்து வீக்கம் ஒரு பக்கம் மட்டும் கட்டியாகக் கையில் தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட் எடுக்கவேண்டும். பிள்ளைகளின் தைராய்டுக் கட்டிகள் அபூர்வம்தான், ஆனால் வந்தால் அதில் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால் நாங்கள் அதை விட்டு வைப்பதில்லை.

பாலில் கரைத்துக் கொடுக்காதீர்கள்

மாத்திரையைக் காலை பாலிலேயே கரைத்து, கூடவே இரும்புச் சத்து டானிக்கும் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாலின் கால்சியமும் டானிக்கின் இரும்பும் அந்த மருந்தைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்தில் ஒரு பகுதி உடம்பில் சேராது. மூன்று வாரம் கொடுத்தும் அசதி போகவில்லை என்றீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று வாரம் என்பதே குறைந்த காலம் என்பது வேறு விஷயம்.

ஏழு மணிப் பள்ளிக்கு ஆறரைக்கு பஸ் என்பதால் வெறும் வயிற்றில் கொடுக்க நேரமில்லை என்கிறீர்கள். எழுப்பிய உடனே, பல் தேய்க்கும் முன்பே, வெறும் தண்ணீரில் விழுங்கட்டும். குளித்து, யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி முடிப்பதற்குள் அரை மணி ஓடிவிடும். அப்புறம் பாலோ இட்லியோ எதுவானாலும் கொடுங்கள். நீங்கள் உங்கள் மாத்திரையைப் போடும் அதே நேரத்தில் அவளுக்கும் கொடுத்தால் இருவருக்குமே மறக்காது. அதுவும் சரிப்படாத வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். தினமும் ஒரே மாதிரி கொடுத்தால் போதும். இரும்பு, கால்சியம் எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி, அதாவது பள்ளி விட்டு வந்த பிறகு.

பாட்டிலை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருப்பீர்கள், பல வீடுகளில் அங்கேதான் இருக்கும். இந்த மருந்துக்குச் சூடும் ஈரமும் ஆகாது. மும்பை மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். மூடியை இறுக்கி மூடி, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப்போடாமல், படுக்கையறை அலமாரியில் வையுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். மருந்து உடம்பில் பல நாள் தங்கும். அன்றைக்கே நினைவு வந்தால் அப்போதே கொடுத்துவிடுங்கள். அடிக்கடி மறந்தால்தான் சிக்கல்.

தொடங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் எண்ணை நம்பமுடியாது. பிள்ளைகளுக்கு அளவு எடைக்குத் தகுந்தாற்போல மாறும். அவள் வயதில் கிலோவுக்கு 2 முதல் 4 மைக்ரோகிராம் வரை தேவைப்படலாம் என்பதால், உங்கள் 75ஐ விட அவளுக்கு ஒரு நாள் அதிகமாக எழுதினாலும் பயப்படாதீர்கள். அளவு நிலைப்பட்ட பிறகு வளர்ச்சி முடியும்வரை நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை. முடிக்காகப் பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை ஏதும் வாங்கியிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், அது ரிப்போர்ட்டைப் புரட்டிவிடும்.

விட்ட உயரம் திரும்ப வருமா? பெரும்பாலும் வரும், முழுவதும் வரும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பத்து வயது எலும்பு என்று வந்தால், வளர இன்னும் அவகாசம் இருக்கிறது என்று பொருள். பருவ வளர்ச்சி வேகம் பிடித்து எலும்பின் முனைகள் மூடிவிட்ட பிறகு மாத்திரை எவ்வளவு கொடுத்தாலும் உயரம் கூடாது. 'வயதுக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மாமியார் சொல்வதை நீங்கள் கேட்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இன்னும் வயதுக்கு வராததைப் பற்றிப் பன்னிரண்டு வயதில் கவலை வேண்டாம்.

மகனின் பின்கழுத்து

இப்போது மகன் விஷயம். பத்து வயதில் 147 சென்டிமீட்டர் என்றால் நல்ல உயரம். குண்டாகவும் உயரமாகவும் இருக்கும் பிள்ளைக்குத் தைராய்டு குறைவுதான் குண்டுக்குக் காரணமாக இருப்பது மிகமிக அரிது. தைராய்டு குறைந்திருந்தால் அவன் உயரம்தான் முதலில் நின்றிருக்கும். 6.8 என்பது இங்கே பெரும்பாலும் எடையின் விளைவு. உடம்பில் கொழுப்பு கூடினால் டி.எஸ்.எச். லேசாக, ஐந்திலிருந்து பத்துக்குள், ஏறி நிற்கும். எடை குறையும்போது தானாக இறங்கும். ஃப்ரீ டி4 சரியாக இருப்பவனுக்கு மாத்திரை கொடுத்தால் எடை குறையாது. அதிகமானால் படபடப்பு, தூக்கமின்மை என்று வேறு தொல்லை வந்து சேரும். ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிட்ட அளவு பல லேப்களில் பெரியவர்களுக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனாலும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் இருப்பதால் இவனை அப்படியே விட்டுவிடவும் மாட்டேன். இரண்டு மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, கூடவே ஆன்டிபாடி ஒரு முறை. ஆன்டிபாடி இல்லை, எண்ணும் அதே அளவில் இருக்கிறது என்றால் வெறும் கண்காணிப்பு போதும். பத்தைத் தாண்டினாலோ, ஆன்டிபாடியோடு எண் ஏறிக்கொண்டே போனாலோ, உயரம் நின்றாலோ அப்போது மாத்திரையைப் பற்றிப் பேசலாம்.

அவனைப் பற்றி எனக்கு உண்மையான கவலை வேறு இடத்தில். "பின்கழுத்தில் அழுக்கு, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். தேய்ப்பதை நிறுத்துங்கள், பிள்ளைக்கு வலிக்கும். வெல்வெட் போலத் தடித்துக் கறுத்த அந்தத் தோல் அழுக்கு கிடையாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அக்காவுக்கு முன்கழுத்தைப் பார்த்தோம், தம்பிக்குப் பின்கழுத்தைப் பார்க்கவேண்டும். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை இவற்றை எடுக்கச் சொல்லுங்கள். டியூஷனுக்குப் போகும் வழியில் தினம் ஒரு வடாபாவ், வந்ததும் மொபைல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொடங்கவேண்டிய இடம் உங்களுக்கே தெரியும். அவனை மட்டும் தனியாகப் பட்டினி போடாமல் வீட்டுக்கே ஒரே சாப்பாடாக மாற்றுங்கள்.

உப்பைத் திரும்ப மாற்றுங்கள்

இதை உங்கள் மாமியாரிடம் மரியாதையாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லவேண்டும். இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956ல் தொடங்கி டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆய்வில் அயோடின் உப்பு கொடுத்த ஊர்களில் கழுத்துக் கழலை குறைந்தது கண்கூடாகத் தெரிந்தது. அந்த அனுபவத்தில் பிறந்த தேசியத் திட்டம் 1962ல் தொடங்கியது. 2006லிருந்து அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கவே தடை. உங்கள் மகளின் நோய் அயோடின் குறைந்ததால் வந்ததில்லை, சமையல் உப்பிலிருக்கும் அளவு அயோடினால் வந்ததும் இல்லை. இந்துப்பால் அது மாறாது. அயோடின் சொட்டுமருந்து, கடல்பாசி மாத்திரை என்று யாராவது கொடுத்தால் அதையும் வாங்காதீர்கள். ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அளவுக்கு மீறிய அயோடின் கெடுதல். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சமைத்துச் சாப்பிடலாம். கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கட்டும், தப்பில்லை. அதில் ஹார்மோன் இல்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஒரே சமையலில் சாப்பிடும் உங்கள் ஓரகத்தி ஆறு மாதக் கர்ப்பம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு அயோடின் கட்டாயம் வேண்டும். நாளைக்கே அயோடின் கலந்த உப்புக்கு மாறுங்கள். கல் உப்புதான் பழக்கம் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது, பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். அவருக்கு டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். குழந்தை பிறந்ததும், இரண்டாம் நாள் முடிந்து மூன்றாம் நாளுக்குள், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைத் தாமாகச் செய்வதில்லை, கேட்டு வாங்கவேண்டும். பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் புத்தி வளர்ச்சி மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும், மாதக் கணக்கில் தாமதமானால் இழந்தது திரும்பாது.

கல்யாணம், குழந்தை, 'ஆயுசுக்கும் மாத்திரை'

மாமியாரின் பயம் பேத்தி மேல் உள்ள பாசத்தில் வருவது. அவரை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: இந்த மாத்திரை உடம்பு தானே சுரக்கவேண்டிய அதே ஹார்மோன்தான், புதிதாக எதுவும் உள்ளே போகவில்லை. சரியான அளவில் போட்டுக்கொண்டால் மாதவிடாய் ஒழுங்காக வரும், கல்யாணம், பிள்ளைப்பேறு எதற்கும் தடையில்லை. கர்ப்பமானதும் அளவைக் கூட்டவேண்டும், அவ்வளவுதான். போடாமல் விட்டால்தான் அதிகப்படியான உதிரப்போக்கு, குட்டையாக நின்றுபோவது, பின்னாளில் கருத்தரிப்பதில் சிரமம் எல்லாம்.

ஆயுள் முழுக்கவா என்றால், 68 வரை ஏறி, கழலையும் வந்த பிள்ளைக்கு நெடுங்காலம் வேண்டியிருக்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்குச் சுரப்பி ஓரளவு தேறுவதும் உண்டு. வளர்ச்சி முழுவதும் முடிந்த பிறகு, டாக்டரின் கண்காணிப்பில் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். அதை முயன்று பார்க்கும் வயது இதுவல்ல. மகளிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போடக் கற்றுக்கொண்டவள் பதினெட்டில் ஹாஸ்டலுக்குப் போனாலும் விடமாட்டாள். நோயாளி போல ஓட்டம், நடனம், நீச்சல் எதையும் தடுக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாகச் சுரப்பி அதிகம் வேலை செய்யும் நோயும் பிள்ளைகளுக்கு வரும், எண்ணிக்கையில் குறைவு. அந்தப் பிள்ளைதான் பள்ளியில் அடி, திட்டு வாங்கும்: கையெழுத்து நடுங்கும், கவனம் நிற்காது, அழுகையும் கோபமும் மாறி மாறி வரும், நிறைய சாப்பிட்டும் இளைக்கும், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், கண்கள் பிதுங்கினாற்போலத் தெரியும். அப்படி யாரையாவது பார்த்தால் 'சேட்டை' என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு கார்பிமசோல் போன்ற மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.

எங்கே காட்டுவது, வீட்டில் என்ன செய்வது

செலவு கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனையிலும், அருகிலேயே கே.இ.எம். மருத்துவமனையிலும் ஹார்மோன் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. செம்பூரிலிருந்து குர்லாவில் ரயில் மாறினால் பரேல். கேஸ் பேப்பர் எடுக்கும்போது குழந்தைகளுக்கான எண்டோகிரைன் ஓ.பி.டி. (ஹார்மோன் வெளிநோயாளர் பிரிவு) எந்தக் கிழமை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளின் ரிப்போர்ட், பள்ளி உயரக் கணக்கு, உங்கள் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள்.

வீட்டில் ஒரு சுவரில் உயரம் குறியுங்கள். செருப்பில்லாமல், குதிகாலும் பின்தலையும் சுவரைத் தொட, கண் நேராகப் பார்க்க நிற்கவேண்டும். இரட்டைச் சடையை மேலே தூக்கிக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். பரீட்சை அட்டையைத் தலைமேல் மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எப்போதும் காலையிலேயே. மாலையில் அளந்தால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அரை சென்டிமீட்டர் அப்படி இப்படி இருந்தால் அளவெடுத்ததில் உள்ள பிசகு, ஆறு மாதக் கோடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை சரியாகச் சேர்ந்தால் முதல் வருடத்தில் மகள் வழக்கத்தைவிட வேகமாக வளரவேண்டும். வளரவில்லை என்றால் டி.எஸ்.எச். நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு காரணம் தேடவேண்டியிருக்கும்.

எட்டு வார ரிப்போர்ட்டும், மகனின் சர்க்கரைப் பரிசோதனையும் வந்ததும் எண்களோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.